கார்பன் வரியா, கார்பன் சந்தையா: எண்ணூர் நிலக்கரிக்கு எது சரி?

ஒடிசாவின் தால்ச்சரில் வெட்டிய நிலக்கரி, பாரதீப்பில் கப்பலேறி எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இறங்கி, பக்கத்திலிருக்கும் அனல்மின் நிலையங்களில் எரிகிறது. மின்சாரம் எல்லோருக்கும், புகையும் சாம்பலும் வட சென்னைக்கு. அந்தப் புகையால் வரும் இழப்பு நிலக்கரி விலையில் சேர்வதில்லை. பிறருக்குக் கெடுதல் செய்பவரிடமே அதற்கு ஈடாக வரி வாங்க வேண்டும் என்று 1920-லேயே எழுதியவர் கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் ஆர்தர் பிகூ. கார்பன் வரி அந்த யோசனையின் பேரப்பிள்ளை. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அது சாம்பலைத் தொடாது. வெளியேறும் கரியமில வாயுவுக்கு டன்னுக்கு இவ்வளவு என்று விலை வைக்கும், அவ்வளவுதான்.

வரி எதற்கு, சட்டம் போட்டுத் தடுத்தால் போதாதா? 2015 டிசம்பரில் அனல்மின் நிலையங்களுக்குக் கந்தக வாயு வரம்பு அறிவித்தார்கள். கெடு தள்ளிக்கொண்டே போய், 2025-ல் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்த வாயுவைக் குறைக்கும் கருவி பொருத்துவதிலிருந்து விலக்கே கொடுத்துவிட்டார்கள். ஆணை போடும் வழியை இத்துடன் விட்டுவிடலாம்.

மிச்சம் இரண்டு. கோடையில் தண்ணி லாரிக்கு அடிதடி நடக்கும் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். லாரிக்கு இவ்வளவு ரூபாய் என்று விலையை ஏற்றலாம். எத்தனை லாரி போகும் என்பது தானாக முடிவாகும். அல்லது இந்தத் தெருவுக்கு மாதம் இத்தனை லாரிதான் என்று டோக்கன் கொடுத்து, வேண்டாதவர் வேண்டியவருக்கு விற்கலாம் என்று விட்டுவிடலாம். விலை தானாக முடிவாகும். முதலாவது கார்பன் வரி, இரண்டாவது கார்பன் சந்தை.

காகிதத்தில் சந்தைதான் அழகு. மொத்தப் புகைக்கு உச்சவரம்பு இருப்பதால் எவ்வளவு குறையும் என்பது முன்பே தெரியும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் தொடங்கியபோது வாயு விட அனுமதிக்கும் டோக்கன்களை அள்ளிக் கொடுத்துவிட்டது. 2007-ல் அவற்றின் விலை கிட்டத்தட்ட பூஜ்ஜியம். பல ஆண்டுகள் சோர்ந்து கிடந்து, உபரி டோக்கன்களை உறிஞ்சும் ஏற்பாடு வந்த பிறகுதான் நிமிர்ந்தது. 2023 பிப்ரவரியில் டன்னுக்கு 100 யூரோவைத் தொட்டது. இந்த ஏற்ற இறக்கத்தில், 25 ஆண்டு ஓடவேண்டிய ஆலைக்கு எந்த விலையை நம்பிக் கணக்குப் போடுவது?

வரியில் அந்தத் தலைவலி குறைவு. 1990-ல் பின்லாந்து ஆரம்பித்தது, அடுத்த ஆண்டே சுவீடன். சுவீடன் அப்போதே வருமான வரியைக் குறைத்தது; ஏற்றுமதி ஆலைகளுக்குச் சலுகையும் கொடுத்தது. அந்த வரி இன்றும் நிற்கிறது. கனடா வரிப் பணத்தின் பெரும்பகுதியைக் குடும்பங்களின் வங்கிக் கணக்கிலேயே போட்டது. அப்படியும் எதிர்ப்பு தாங்காமல் 2025 ஏப்ரலில் நுகர்வோருக்கான கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். பெட்ரோல் பங்கில் ஏறிய விலை தினமும் கண்ணில் படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் பணம் படாது. பிரான்சில் 2018-ல் எரிபொருள் வரியை ஏற்றப் போய், மஞ்சள் சட்டை போட்ட போராட்டக்காரர்கள் தெருவுக்கு வந்த கதை தனி.

நம் ஊரில் கார்பன் வரியே இல்லை என்று நினைத்தால் ஒரு சின்னக் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. 2025 தொடக்கத்தில் மத்திய கலால் வரி மட்டும் லிட்டருக்கு 20 ரூபாய்க்குப் பக்கம். ஆக, ஸ்கூட்டர் ஓட்டுபவர் அப்போது டன்னுக்கு எட்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் கட்டினார். அது எந்தப் பெயரில் வாங்கப்பட்டாலும் சரி. நிலக்கரிக்கோ 2010-ல் டன்னுக்கு 50 ரூபாய் செஸ் என்ற கூடுதல் வரி வைத்து, 2016-க்குள் 400 ஆக்கினார்கள். ஒரு டன் நிலக்கரி ஏறத்தாழ ஒன்றரை டன் வாயு விடும் என்பதால், வாயுக் கணக்கில் அது 250 ரூபாயைச் சுற்றித்தான் வரும்.

சரி, அந்தப் பணமாவது? தூய எரிசக்திக்கென்று நிதியம் வைத்துத்தான் வசூலித்தார்கள். 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அதே 400 ரூபாய், மாநிலங்களுக்கான இழப்பீட்டுக் கணக்குக்குப் போனது. 2025 செப்டம்பரில் அந்த செஸ்ஸையும் நீக்கி, நிலக்கரிக்கு ஜிஎஸ்டியை 5 சதவீதத்திலிருந்து 18 ஆக்கினார்கள். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. விலைக்குத் தகுந்த வரி என்றால், அது நிலக்கரியின் விலையோடு ஏறி இறங்கும்; எவ்வளவு வாயு வெளியேறுகிறது என்பதை நேராகப் பார்க்காது. கார்பன் வரி பார்க்கவேண்டியது அந்த வாயுவைத்தான்.

இன்னொரு பக்கம், 2023-ல் மத்திய அரசு அறிவித்த கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம். இதில் மொத்தப் புகைக்கு உச்சவரம்பு கிடையாது; ஒரு டன் சிமென்ட்டுக்கு இவ்வளவு வாயு என்பது போன்ற விகித இலக்குதான்; அதைவிடக் குறைத்த ஆலை, மிச்சத்தைக் கிரெடிட்டாக விற்கலாம். உற்பத்தி இரட்டித்தால் மொத்தப் புகையும் ஏறலாம். வளரும் நாட்டுக்கு இது நியாயம்தான் என்பேன். ஆனால் சந்தையின் ஒரே பெரிய பலம் உச்சவரம்பு; அதை எடுத்துவிட்டு விலையின் ஆட்டத்தை மட்டும் வைத்துக்கொள்வானேன்?

அதனால் என் ஓட்டு வரிக்கு: சுரங்க வாயிலிலும் துறைமுகத்திலும், வாயு அளவுப்படி. வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட யூனிட்களை இலவசமாகத் தரும் மாநிலத்தில் இது என்ன மாற்றும் என்று கேட்கலாம். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி. பழைய 400 ரூபாய் செஸ் யூனிட்டுக்கு 28 பைசா. அதற்காக யாரும் ஃபேனை நிறுத்தப் போவதில்லை, நிறுத்தவும் வேண்டாம். அடுத்து அனல்மின் நிலையம் கட்டுவதா, காற்றாலையோடு பேட்டரி வைப்பதா என்று மின்வாரியம் போடும் கணக்கில்தான் அந்தப் பைசாக்கள் பேசும். வசூலாகும் பணம் ஈபி பில்லிலேயே தள்ளுபடி என்று தனியாகக் காட்டிக் கழிக்கப்படட்டும். கனடா கோட்டை விட்டது அங்கேதான்.

தாமதிக்கவும் நேரமில்லை. 2026 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம், இறக்குமதியாகும் எஃகு, அலுமினியம், சிமென்ட் போன்றவற்றுக்கு எல்லையிலேயே கார்பன் கட்டணக் கணக்கைத் தொடங்கிவிட்டது. எஃகு போல்ட்டும் நட்டும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. சொந்த நாட்டில் கட்டிய கார்பன் விலையை அங்கே கழித்துக்கொள்ளலாம். இங்கே கட்டாததை, அம்பத்தூரிலிருந்து போல்ட் போகும் கன்டெய்னர்களுக்கு ஐரோப்பியக் கஜானா வாங்கிக்கொள்ளும்.