மகள் பிரசவத்துக்குப் போகும் அம்மா: மூன்று நாடுகள், மூன்று விதமான ஃபைல்

மகளுக்குப் பிரசவம், அம்மா துணைக்குப் போக வேண்டும். காரணம் ஒன்றுதான். ஆனால் மகள் இருப்பது மியூனிக்கா, லண்டனா, நியூஜெர்சியா என்பதைப் பொறுத்து விசாவுக்காக அதை நிரூபிக்கும் வழி மாறிவிடும்.

ஜெர்மனிக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால விசா. இங்கே எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும்: போக வர டிக்கெட் முன்பதிவு, தங்கும் இடம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. மகளோ மருமகனோ அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் செலவுப் பொறுப்பேற்புப் பத்திரம் வாங்கி அனுப்பலாம். ஆனால் அது பணத்துக்குத்தான் பதில். எதற்காக வருகிறார் என்பதற்கு அழைப்புக் கடிதமும் உறவைக் காட்டும் சான்றும் தனியாக வேண்டும். பட்டியல் நீளம்தான், ஆனால் தெளிவானது.

இதே ஃபைலை அப்படியே லண்டனுக்குக் கொடுத்தால் பாதி வீண். ஹோட்டல் புக்கிங், விமான டிக்கெட், பயணக் காப்பீடு, குடும்பப் புகைப்படம் எதுவும் அனுப்ப வேண்டாம் என்று பிரிட்டிஷ் அரசின் வழிகாட்டியே சொல்கிறது. பெரும்பாலும் இன்டர்வியூவும் கிடையாது. அப்படியானால் அம்மாவுக்காகப் பேசுவது எது? மகள் எழுதும் கடிதம்தான். அதனால் என் கருத்தில் மூன்றில் அதிகம் மெனக்கெட வேண்டியது இதற்குத்தான். ‘அம்மா என்னைப் பார்க்க வருகிறார்’ என்ற ஒற்றை வரி போதாது. பிரசவத் தேதி என்ன, அதற்கு எத்தனை நாள் முன்பு வருகிறார், எப்போது திரும்புகிறார், ஏன் அந்தத் தேதியில் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கூடவே பிரசவத் தேதி குறிப்பிட்ட மருத்துவமனைக் கடிதம், அம்மாவின் பேங்க் ஸ்டேட்மென்ட், வேலையில் இருந்தால் லீவ் அனுமதி. ஆறு மாதம் வரை தங்கலாம் என்பதற்காக ஆறு மாதமும் கேட்காதீர்கள். கேட்டால் அவ்வளவு நாளுக்கும் காரணம் காட்ட வேண்டிவரும். மறுத்துவிட்டால் பொதுவாக மேல்முறையீடு கிடையாது, மறுபடி பணம் கட்டிப் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

அமெரிக்கா இதற்கு நேர் எதிர். அழைப்புக் கடிதம் கட்டாயமே இல்லை. டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவமும், தூதரக இன்டர்வியூ கவுன்ட்டரில் சில நிமிடம் அம்மா சொல்லும் பதிலும்தான் கணக்கு. திரும்பி வருவார் என்ற நம்பிக்கை அதிகாரிக்கு வராவிட்டால் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவில் மறுத்துவிடுவார், கையில் எத்தனை காகிதம் இருந்தாலும். இங்கே பலர் செய்யும் தவறு, பிரசவம் என்று சொன்னால் விசா கிடைக்காது என்று பயந்து ‘சும்மா சுற்றிப் பார்க்க’ என்பது. வேண்டாம். உறவினரைப் பார்ப்பது பி-2 என்ற வருகையாளர் விசாவில் அனுமதிக்கப்பட்ட காரணம்தான். மறைத்தால் அடுத்த கேள்வியிலேயே பதில் தடுமாறும். இன்டர்வியூவுக்கு முதல் நாள் இரவு அம்மாவோடு உட்கார்ந்து படிவத்தை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். கேட்கக்கூடிய கேள்விகளுக்கும் பதில் சொல்லிப் பாருங்கள்: பிரசவத் தேதி, மருமகனின் வேலை, டிக்கெட் செலவு யாருடையது, எந்த மாதம் திரும்புகிறார்.