ஒரே நாளில் ஒரு குட்டி நாடு: லிச்சென்ஸ்டைனா, சான் மரினோவா, அண்டோராவா?

அக்காவின் பிரசவத்துக்காக அப்பாவும் அம்மாவும் சேலத்திலிருந்து சூரிச் போயிருந்தார்கள். குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனதும் அப்பா போனில் கேட்டார்: "பக்கத்துல ஒரு குட்டி நாடு இருக்காமே, காலையில போயிட்டு சாயந்திரம் திரும்பிடலாமா?" அக்காவுக்கு அதையெல்லாம் பார்க்க நேரமில்லை. திட்டம் போடும் வேலை சேலத்தில் இருந்த என்னிடம் வந்தது. அடுத்த வருஷம் சித்தப்பா குடும்பம் இத்தாலி, ஸ்பெயின் என்று கிளம்பியபோதும் மறுபடி நான்தான். அப்படி மூன்று நாடுகளை வைத்து எடைபோட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த அளவுகோல் ஏற்காடுதான். காலையில் டிபன் முடித்துவிட்டு பஸ் ஏறினால், இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி ஒரு மணி நேரத்தில் மேலே இருக்கலாம். ஏரி, லேடீஸ் சீட், சேர்வராயன் கோயில் எல்லாம் நிதானமாகப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு. ஒரு நாள் பயணம் என்றால் வழியில் போகும் நேரத்தைவிட இடத்தில் இருக்கும் நேரம் அதிகமாக இருக்க வேண்டும். வயதானவர்களோடு போகும்போது இதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

முதலில் அண்டோராவை முடித்துவிடுகிறேன். பார்சிலோனாவிலிருந்து போகலாம் என்று பலரும் சொல்கிறார்கள். அந்த நாட்டில் ரயிலும் இல்லை, விமான நிலையமும் இல்லை. பஸ்ஸில் ஒரு பக்கம் மட்டும் ஏறக்குறைய மூன்று மணி நேரம். அதைவிடப் பெரிய சிக்கல் விசா. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதிக்குள் அண்டோரா வராது. அங்கே போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு, திரும்பி ஸ்பெயினுக்குள் வர இன்னொரு நுழைவு வேண்டும். ஒற்றை நுழைவு விசாவில் போனால் திரும்பும் வழியில் மாட்டிக்கொள்ளலாம். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவில் 'மல்ட்' (MULT, பலமுறை நுழையலாம்) என்று இருக்கிறதா என்று பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். வரி குறைவு என்பதால் வாசனைத் திரவியமும் எலக்ட்ரானிக்ஸும் வாங்கத்தான் கூட்டம் போகிறது. பைரனீஸ் மலை அழகுதான், ஆனால் இரண்டு இரவு தங்கிப் பார்க்க வேண்டிய மலை அது. சித்தப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இத்தாலிக்கு நடுவே இருக்கும் சான் மரினோ வேறு ரகம். என் மனசு அங்கேதான் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. 61 சதுர கிலோமீட்டர்தான், நம் சேலம் மாநகராட்சியைவிடச் சின்னது. ஆனால் கி.பி. 301 முதல் இருந்துவருவதாகச் சொல்லிக்கொள்ளும் குடியரசு. நாட்டுக்குத் தலைவர்கள் இரண்டு பேர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறார்கள். டிட்டானோ மலை முகட்டில் மூன்று கோபுரங்கள், கீழே வயல்வெளி, வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் அட்ரியாட்டிக் கடல். ஏற்காட்டு பகோடா பாயிண்டில் நின்று கீழே பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த முகட்டில் நிற்பது எப்படி இருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எந்த ஊரிலிருந்து கிளம்புகிறோம் என்பதுதான் கேள்வி. ரோமிலிருந்தும் போகலாம் என்று சித்தப்பாவிடம் ஒரு ஏஜென்ட் சொல்லியிருந்தார். போகலாம், ஆனால் பொழுது முழுக்க ரயிலிலேயே கழிந்துவிடும். பொலோன்யாவிலிருந்து கிளம்பினால் சரியாக வரும். வேக ரயிலில் ரிமினிக்கு ஒரு மணி நேரம், அங்கே ஸ்டேஷன் பக்கத்திலிருந்து பஸ்ஸில் சுமார் 50 நிமிடம். முன்பு ரிமினியிலிருந்து மலைக்கு ஒரு ரயிலே ஓடியது. 1932-இல் தொடங்கி, போரில் சேதமாகி 1944-இல் நின்றுபோனது. எல்லையில் சோதனை கிடையாது, செலவுக்கு யூரோ போதும். ஒரே குறை, பழைய நகரம் முழுக்க ஏற்றமும் கல் பாவிய சரிவும். முட்டி வலிக்காரர்களுக்குச் சிரமம். சித்தி முதல் கோபுரத்தோடு உட்கார்ந்துவிட்டார், மற்றவர்கள் இரண்டாவதுக்கும் போய் வந்தார்கள்.

அம்மாவுக்கும் முட்டி வலி. அதோடு வளைவு என்றால் தலைசுற்றல், ஏற்காட்டு பஸ்ஸிலேயே எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டுதான் வருவார். அதனால் லிச்சென்ஸ்டைனைத்தான் அவர்களுக்குத் தேர்ந்தெடுத்தேன். சூரிச்சில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் சார்கன்ஸ். போகும்போது இடது பக்க ஜன்னலைப் பிடித்துவிட வேண்டும். முதலில் சூரிச் ஏரி, அப்புறம் வாலன்சே ஏரியும் எதிர்க்கரையில் சுவர்போல நிற்கும் மலைகளும் அந்தப் பக்கம்தான். அந்தக் காட்சிக்காகவே இந்தப் பயணம் போகலாம். சார்கன்ஸ் ஸ்டேஷன் வாசலிலிருந்து லிச்சென்ஸ்டைனின் தலைநகர் வாடூஸுக்கு பஸ், அரை மணி நேரம். ரைன் ஆற்றுப் பாலம் தாண்டியதும் நாடு மாறிவிடும். 2011 முதல் ஷெங்கனுக்குள் இருப்பதால் ஒற்றை நுழைவு விசாவே போதும். பணமும் சுவிஸ் ஃபிராங்க்தான்.

நாடு மொத்தம் 160 சதுர கிலோமீட்டர், ஏற்காடு தாலுகாவில் பாதிகூடத் தேறாது. வாடூஸில் பார்க்க நிறைய இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். மேலே தெரியும் கோட்டையில் இளவரசர் குடும்பம் வசிக்கிறது, உள்ளே விடமாட்டார்கள். கடைத்தெரு சமதளம், நடக்கச் சுகம். ஆற்றின் மேல் 1901-இல் கட்டிய கூரை போட்ட மரப்பாலம் இருக்கிறது. பாதிப் பாலத்தில் எல்லைக்கோடு, ஒரு கால் சுவிட்சர்லாந்திலும் ஒரு கால் லிச்சென்ஸ்டைனிலுமாக நின்று அப்பா எடுத்த போட்டோதான் எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. வளைவு ஒத்துக்கொள்பவர்கள் வாடூஸிலிருந்து பஸ் பிடித்து மால்புன் என்ற மலைக் கிராமத்துக்குப் போகலாம். சுமார் 1,600 மீட்டர், கிட்டத்தட்ட நம் ஏற்காட்டு உயரம்தான். அம்மாவுக்காக அதை விட்டுவிட்டார்கள்.

சாப்பாடு கையில் கொண்டுபோங்கள், வெளியே விலை கடுமை. அக்கா கட்டிக் கொடுத்த புளிசாதமும் ஊரிலிருந்து போன தட்டுவடையும் ஆற்றங்கரையில் வைத்துச் சாப்பிட்டார்கள். பாஸ்போர்ட்டில் நினைவு முத்திரை குத்தித் தருவார்கள், அதை மட்டும் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். குடியேற்ற முத்திரை அல்லாத எதுவும் அதில் இருக்க வேண்டாம். அதற்குப் பதில் ஒரு போஸ்ட் கார்டு. அஞ்சல் தலைகளுக்குப் பேர்போன நாடு அது. காலை எட்டுக்குக் கிளம்பிய அம்மா ஆறு மணிக்கெல்லாம் திரும்பி வந்து குழந்தையைக் குளிப்பாட்டினார். அவர் எழுதிப் போட்ட கார்டு, எங்கள் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுக்கு அவர் வந்து சேர்வதற்கு முன்பே வந்துவிட்டது.