ஊதா விளக்கா, வெள்ளை பேனலா?

எங்கள் வீடு முதல் மாடி. பால்கனிக்கு எட்டடி தள்ளிப் பக்கத்து அபார்ட்மென்ட்டின் சுவர். காலை பத்து மணிக்குக்கூட லைட் போட்டால்தான் பேப்பர் படிக்க முடியும். இந்த ஹாலில் புதினாவும் வெந்தயக்கீரையும் வளர்க்க ஆசைப்பட்டு இரண்டு வகை விளக்கும் வாங்கிப் பார்த்துவிட்டேன். முதலில் செடிகளுக்கென்றே விற்கும் ஊதா விளக்கு. அப்புறம் ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டும் சாதாரண 18 வாட் வெள்ளை எல்இடி பேனல். இப்போது அலமாரியில் எரிவது இரண்டாவதுதான்.

ஊதா விளக்கின் கணக்கு ஒன்றும் தப்பில்லை. பச்சையம் அதிகம் உறிஞ்சுவது நீலமும் சிவப்பும். அதனால் 450, 660 நானோமீட்டர் வாக்கில் அவற்றை மட்டும் கொடுக்கிறார்கள். ஆனால் பச்சை ஒளியும் இலைக்குள் ஆழமாக இறங்கி வேலை செய்கிறது. வெள்ளை எல்இடியும் உள்ளுக்குள் நீல எல்இடிதான். மேலே பாஸ்பர் என்ற ஒளிரும் பொடியைப் பூசி மற்ற நிறங்களை வரவழைக்கிறார்கள். கீரைக்கு அதுவே போதும்.

ஊதாவில் ஹால் ரெக்கார்ட் டான்ஸ் மேடை மாதிரி இருக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம். பச்சை இலை கறுப்பாகத் தெரிவதுதான் தொல்லை. வெந்தயத் தளிருக்கு அடியில் அசுவினி அப்பியிருந்ததை, தொட்டியைச் சமையலறைக்குத் தூக்கிப் போன அன்றுதான் பார்த்தேன். கரண்ட் செலவில் பெரிய வித்தியாசமில்லை: 18 வாட் தினம் 12 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் 13 யூனிட்.

என்னை முடிவெடுக்க வைத்தது ரிப்பேர். எல்இடி பேனலில் பெரும்பாலும் முதலில் போவது எல்இடி இல்லை, டிரைவர். வீட்டு மின்சாரத்தை டிசியாக மாற்றித் தரும் சின்னப் பெட்டி அது. சூட்டில் அதன் கெப்பாசிட்டர் காய்ந்துவிடும். சீலிங் பேனலில் இந்த டிரைவர் வெளியே வயரில் தொங்குகிறது. பதினான்காவது மாதம் என் பேனல் மினுக்க ஆரம்பித்ததும் டிரைவரை மட்டும் கழற்றித் தெருமுனை எலக்ட்ரிகல் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்து, "வாட்டை மட்டும் பார்த்து வாங்காதீங்க சார், மில்லி ஆம்பியர் ஒத்துப்போகணும்" என்று 300 என்று போட்டிருந்ததையே தேடி எடுத்தார். வோல்ட் வரம்பும் பொருந்த வேண்டும். நூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்தது. மெயினை அணைத்துவிட்டுப் பின்னை உருவிப் புதியதைச் செருகினேன், அவ்வளவுதான்.

ஊதா விளக்கு ஏழாவது மாதமே பாதி அணைந்தது. திருவிழா சீரியல் செட் மாதிரி கோத்திருப்பதால் ஒரு எல்இடி போனால் அந்த வரிசையே போச்சு. பின்மூடியில் ரிவெட் அடித்திருந்தது. கஷ்டப்பட்டுப் பிரித்தேன், ஆனால் 660 சிவப்பு எல்இடி எங்கள் பகுதிக் கடை எதிலும் இல்லை. விற்றவரிடமிருந்து பதிலே வரவில்லை.

பேனலிலும் குறை உண்டு. முன்னால் இருக்கும் பால் நிற ஷீட் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றுவிடும், மிச்சமும் பரவிப்போகும். ஓரடி உயரத்தில் கட்டியபோது கீரை ஒல்லியாக நீண்டு சாய்ந்தது. அரையடிக்கு இறக்கியதும் நிமிர்ந்தது. டிரைவரைத் தொட்டிக்கு மேலே, தண்ணீர் தெறிக்காத இடத்தில் கட்டுங்கள்.

இதெல்லாம் கீரைக்கும் புதினாவுக்கும். மிளகாய் ஒரே ஒரு செடிதான் வைத்தேன். பூத்தது, இரண்டு காயோடு நின்றுவிட்டது. அது வெளிச்சத்தின் குறையா, நான் தண்ணீர் ஊற்றிய லட்சணமா என்று ஒரு செடியை வைத்துச் சொல்ல முடியாது.