நான்கு வார வாலண்டியர் பேக்கேஜ்: சனி ஞாயிறு அருமை, மற்ற நாட்கள் பாதிதான்

சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ பக்கமிருந்து வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்காகப் பாம்பன், மண்டபம் கரையில் நடக்கும் நான்கு வாரத் திட்டம் இது. திங்கள் முதல் வெள்ளி வரை மீனவர் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுப்பது, சனி ஞாயிறு ஊர் சுற்றல், தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்து ஒரே கட்டணம். இதே அச்சில் வேறு திட்டங்களும் விற்கப்படுவதால் நடத்துபவர் பெயரை விட்டுவிடலாம்.

முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். நான்கு வாரம் என்றால் 20 மாலை. வந்து இறங்கி ஊர் பழக 2 நாள் போய்விடும். வெள்ளி மத்தியானமே வேன் கிளம்புவதால் 3 வெள்ளி போச்சு. கடைசி நாள் வழியனுப்பு விழா. மிஞ்சுவது 14 மாலை, மாலைக்கு 2 மணி நேரம் வைத்தால் 28 மணி. இதற்குள் ஒரு குழந்தையை எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்துவிடலாம் என்று விளம்பரம் சொன்னால் நம்பாதீர்கள். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்தபிறகு வேனை எடுக்கச் சொல்லுங்கள். அதிலேயே 6 மணி நேரம் திரும்பக் கிடைக்கும்.

வகுப்பை நடத்துவது அதே ஊர் அக்காதான். எந்தப் பிள்ளைக்கு ர, ற குழம்புகிறது, எந்த வீட்டில் அப்பா கடலுக்குப் போயிருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வந்தவரை அவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, பின்தங்கிய நாலைந்து பிள்ளைகளை மட்டும் ஒப்படைத்தால் திட்டம் உருப்படும். அக்காவை ஒதுக்கிவிட்டு, வந்தவரைக் கரும்பலகை முன்னால் நிறுத்தி ஆங்கிலப் பாட்டுப் பாடவைத்தால் சத்தம்தான் மிஞ்சும். இந்தத் திட்டத்தில் முதல் வாரம் முழுக்க அப்படித்தான் போகிறது.

எது பலிக்கிறது என்றால், கையில் எடுத்துச் செய்வது. வகுத்தல் வராத பிள்ளைக்கும் கூறு போடத் தெரியும். கரையில் பார்த்துப் பழகிய கை அது. 24 சிப்பியைத் தரையில் கொட்டி நாலு கூறாக வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கூறிலும் ஆறு விழுந்ததும், அதையே நோட்டில் 24 ÷ 4 என்று எழுதிக்காட்டுங்கள். அடுத்து 26 சிப்பி. மிச்சம் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை நிமிர்ந்து பார்க்கும். மீதி என்ற சொல்லை அந்த நேரத்தில்தான் சொல்ல வேண்டும். அம்மா கடற்பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகும் நாளில் மூத்த பிள்ளை தம்பியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வரும். அந்தச் சின்னதுக்கு ஒரு பாயும் நாலு படப் புத்தகமும் தனியாக வைத்திருங்கள், இல்லையென்றால் மூத்தது படிக்காது.

பெரிய குறை வேறு. கடலுக்குப் போன அப்பா இலங்கைச் சிறையில் இருக்கும் வீடுகளும் இந்தக் கரையில் உண்டு. போனவர் எப்போது திரும்புவார் என்று தெரியாமல் இருப்பது இந்தப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. மாதம் ஒரு புது முகம் வந்து மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சி, போட்டோ எடுத்துக்கொண்டு, மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போவது அந்த வலியைத்தான் கூட்டும். போகும் தேதியை முதல் நாளே சொல்லி, சுவர்க் காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். தனி ஒரு பிள்ளைக்குப் பரிசு வேண்டாம், எல்லோருக்கும் பொதுவாகப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். வார இறுதி வேனில் பிள்ளைகளை ஏற்றுவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கூடுதல் கட்டணத்துக்கு ஒரு வாரம் குழந்தைகள் இல்லத்தில் சேவை என்று இருக்கும் பகுதியைக் கட்டாயம் தவிருங்கள். அங்கே இருப்பவர்களில் பலருக்குப் பெற்றோர் இருப்பார்கள். ஆட்கள் வந்து பார்க்கப் பார்க்க, இல்லத்தை நிரப்பி வைக்கும் ஆசை நடத்துபவருக்கு வரும். இப்படி இல்லங்களுக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் சுற்றுலாவின் தீங்கை ஐநா பொதுச்சபையே 2019 தீர்மானத்தில் சுட்டிக்காட்டியது. எந்த இல்லமானாலும் 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு இருக்க வேண்டும். பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் அதே சட்டத்தின் 74ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். முகம் தெரியும் ஸ்டேட்டஸும் இதில் சேரும். வந்தவரிடம் போலீஸ் நன்னடத்தைச் சான்று கேட்காத, குழந்தையோடு தனியே விடுகிற நிறுவனம் எதுவானாலும் வேண்டாம். எங்காவது தவறு கண்ணில் பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள்.

சனி ஞாயிறு ஏற்பாட்டில் குறை சொல்ல அதிகமில்லை. தனுஷ்கோடிக்குக் காலையிலேயே கூட்டிப் போகிறார்கள், அதுதான் சரி. வெயில் ஏறினால் மணலில் கால் வைக்க முடியாது, மாலையானால் உள்ளே விடமாட்டார்கள். 1964 புயலில் இடிந்த தேவாலயத்தைப் பார்த்துவிட்டு அரிச்சல்முனை. அங்கே இறங்கிக் குளிக்கவே கூடாது, இழுவை பொல்லாதது. தை, மாசியில் கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தண்ணீரில் பூநாரை நிற்கும். காரங்காட்டு அலையாத்திக் காட்டில் வனத்துறைப் படகு நன்றாக இருக்கிறது. குருசடைத் தீவுப் படகு காற்றைப் பொறுத்தது: தென்மேற்குச் சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகிழக்கு வாடையில் வடகடல் (பாக் நீரிணை). அதனால் ஞாயிறுக்கு மாற்று ஏற்பாடு கேட்டு வையுங்கள். ஞாயிறு இரவு எட்டுக்குள் அறைக்குத் திரும்பாத பயணம் திங்கள் வகுப்பை விழுங்கிவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, நடுவில் பள்ளி விடுமுறையும் வரும்; வகுப்பில் ஆள் இருக்காது. ஜூலை, ஆகஸ்ட் அல்லது ஜனவரி, பிப்ரவரி தோது. இ-டூரிஸ்ட் விசாவில் சம்பளமில்லாத் தன்னார்வப் பணிக்கு அதிகபட்சம் ஒரு மாதம்தான். ஐந்தாவது வாரம் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் பதிய வேண்டியது தங்க வைப்பவர் பொறுப்பு. பதிந்தாயிற்றா என்று முதல் நாளே கேளுங்கள்.

இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஒரு பக்கம்: தேதி, எந்த எழுத்தில் நின்றது, எந்தக் கணக்கு வந்தது. தமிழில் எழுதுங்கள், போகும்போது அந்த நோட்டு அக்காவிடம் இருக்க வேண்டும்.