பழைய டெக்கைப் பிரிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள் (நியூ ஜெர்சி)

எங்கள் வீட்டுப் பின்பக்க டெக் (கதவுக்கு வெளியே தூண் மேல் நிற்கும் மரத்தளம்) உளுத்துப்போய், கால் வைத்தாலே நெளிந்தது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கைகாட்டிய கான்ட்ராக்டரைக் கூப்பிட்டேன். நம்ம ஊர்க்காரர்தான். "பழசு இருந்த இடத்துல அதே அளவுல புதுசு போடுறோம் சார், இதுக்கு எதுக்கு பெர்மிட்? டவுன்ஷிப்புக்குப் போனா இழுத்தடிப்பாங்க" என்றார். தலையாட்டிவிட்டுப் பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தேன். ஒரே சனிக்கிழமையில் தூண் உட்பட அத்தனையையும் பிடுங்கி ஏற்றிக்கொண்டு போனார்கள். என்ன வேகம் என்று பூரித்துப்போனேன் வேறு!

செவ்வாய்க்கிழமை வாசலில் வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ்.

டவுன்ஷிப்பின் (நம்ம ஊர் நகராட்சி மாதிரி) ஜோனிங் அலுவலகத்தில்தான் விஷயம் புரிந்தது. எந்த மனையில் எதை எங்கே கட்டலாம் என்ற விதிகளைப் பார்ப்பது அவர்கள்தான். எங்கள் பகுதியில் டெக், மனையின் பின் எல்லையிலிருந்து 20 அடி தள்ளி இருக்க வேண்டும். எங்களுடையது 13 அடியில் நின்றது. விதி வருவதற்கு முன் கட்டியது என்பதால் அது நிற்கும்வரை யாரும் கேட்க முடியாது. ஒரு பகுதி சேதமானால் சரிசெய்துகொள்ள மாநிலச் சட்டமே இடம் தருகிறது. மொத்தமாகப் பிடுங்கினோமோ, அந்த உரிமையும் கூடவே போய்விட்டது. மேல்பலகைகளை மட்டும் மாற்றுவதாகப் பேசியிருந்தால் கதையே வேறு.

இப்போது வேரியன்ஸ் (விதிவிலக்கு அனுமதி) கேட்டு டவுன்ஷிப்பின் போர்டு முன் நிற்க வேண்டும். புது சர்வே, வரைபடம், விண்ணப்பக் கட்டணம், போதாததற்கு போர்டின் வக்கீல், எஞ்சினியர் செலவுக்கு எஸ்க்ரோ என்று முன்கூட்டியே கட்டிவைக்கும் பணம். 200 அடிக்குள் இருக்கும் வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் ஹியரிங்குக்கு (போர்டின் விசாரணைக்கு) குறைந்தது 10 நாள் முன்பே சர்ட்டிஃபைடு தபால், கூடவே பொது அறிவிப்பு. அங்கே போய் "தெரியாமல் செய்துவிட்டேன், பணம் போச்சு" என்று புலம்பினால் எடுபடாது. மனையின் வடிவம், குறுகல், சரிவு என நிலத்தில் இருக்கும் சிக்கலைக் காட்ட வேண்டும். நல்லவேளை, எங்கள் மனை பின்னால் கோணலாகக் குறுகுகிறது.

கான்ட்ராக்டரைக் கேட்டால், "பெர்மிட் ஓனர் பொறுப்பு சார். வேலையை நீங்களே செய்யறதா பெர்மிட் ஃபார்ம்ல கையெழுத்து போடுங்க, மீதியை நான் பாத்துக்கறேன்" என்கிறார். போட்டுவிடாதீர்கள். நாளைக்கு டெக் சரிந்தால் மாட்டுவது நீங்கள்தான். நான் மறுத்ததும் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

500 டாலருக்கு மேற்பட்ட வீட்டு வேலைக்கு இங்கே எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதில் 13விஎச் (13VH) என்று தொடங்கும் கான்ட்ராக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது தொகை மட்டும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. வீட்டின் பழைய பெர்மிட் கோப்பை டவுன்ஷிப்பில் ஓப்ரா (OPRA, நம்ம ஊர் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மாதிரி) மனு போட்டு வாங்கலாம், 7 வேலைநாளில் பதில் தர வேண்டும். அதையும் இப்போதுதான் செய்தேன்.

ஸ்லைடிங் கதவுக்கு வெளியே நாலடிப் பள்ளம். பையன் திறந்துவிடாமல் இருக்கக் குறுக்கே கட்டை அடித்திருக்கிறோம். ஹியரிங் அடுத்த மாதம். நுகர்வோர் விவகாரப் பிரிவுக்கும் புகார் அனுப்பியிருக்கிறேன், பதில் வந்தால் எழுதுகிறேன்.