பதினோரு மாத ஒப்பந்தமா, பத்திரப்பதிவா?

ஓசூரில் மாடி வீட்டை சிப்காட் ஊழியருக்கு வாடகைக்கு விடுகிறவர்களும், தர்மபுரியில் கடை கட்டி விடுகிறவர்களும் கேட்கும் கேள்வி இது.

செலவு: பதினோரு மாத ஒப்பந்தத்துக்கு முத்திரைத்தாளும் எழுதுகூலியும் போதும். பதிவுக்கோ வாடகையையும் அட்வான்ஸையும் சேர்த்துக் கணக்கிட்டு முத்திரைத்தீர்வை, அதன்மேல் பதிவுக்கட்டணம்.

அலைச்சல்: முன்னது ஒரு மாலையில் முடியும். பின்னதற்கு இரு தரப்பும் சாட்சிகளோடு சார்பதிவாளர் அலுவலகம் செல்ல வேண்டும்.

வலு: இங்கேதான் நிதானம் தேவை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிய வேண்டும். மூன்றாண்டு என்று எழுதிவிட்டு நோட்டரி முத்திரையோடு நிறுத்தினால், அந்தக் காலவரையறையை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது. நோட்டரி கையெழுத்து பதிவு ஆகாது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

பதினோரு மாதம்தானே என்று, வாடகை ஒப்பந்தங்களைப் பதியும் அரசு அலுவலரான வாடகை அதிகாரியை மறந்துவிடவும் கூடாது. நகர்ப்பகுதிகளில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பிலுள்ள தமிழக வாடகைச் சட்டம், எழுத்து ஒப்பந்தத்தை 90 நாட்களுக்குள் அவரிடம் பதியச் சொல்கிறது. இணையத்திலேயே செய்யலாம்.

இடமாற்றலில் வரும் குடும்பத்துக்கு வீடு விடுகிறீர்களா? பதினோரு மாதம் போதும். அட்வான்ஸ் தொகை, பிடித்தம், மின்கட்டணம், வெள்ளையடிப்பு, காலி செய்ய முன்னறிவிப்பு ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். குடியிருப்பவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள், அது அவருடைய உரிமை.

கடைக்காரர் தன் பணத்தில் ஷட்டரும் அலமாரியும் போட்டு ஐந்தாண்டு கேட்டால், செலவைப் பார்க்காமல் பதிந்துவிடுங்கள்.