எஃப்கியூ-கோடெலா, கேக்கா? வெள்ளவத்தை அலுவலகத்து ரவுட்டரில் இரண்டையும் ஓட்டிப் பார்த்த பின்

காலி வீதியை ஒட்டிய மாடியொன்றில் இயங்கும் எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் ஒன்பது பேர் ஒரே பைபர் இணைப்பில் வேலை செய்கிறோம். பதிவிறக்க வேகத்தில் குறையில்லை; பதிவேற்றத்துக்குக் கிடைப்பதோ 10 எம்பிபிஎஸ் மட்டுமே. பிற்பகலில் ஒருவர் காணி உறுதிகளை ஸ்கேன் செய்து கிளவுடில் ஏற்றத் தொடங்கினால், அடுத்த மேசையில் லண்டன் வாடிக்கையாளரோடு காணொளியில் பேசிக்கொண்டிருக்கும் தங்கை ஹெட்செட்டைக் கழற்றி, "அண்ணா, நான் கதைக்கிறது அவைக்கு விட்டு விட்டுத்தான் கேட்குதாம்" என்பார்.

கணினி நிரலாளர் ஜிம் கெட்டிஸ் 'பஃபர்புளோட்' என்று பெயரிட்ட சிக்கல் இது. இணைப்பின் வாசலில் 1 மெகாபைட் இடையகம் (அனுப்பக் காத்திருக்கும் தரவைத் தேக்கும் நினைவிடம்) நிரம்பியிருந்தால், 10 எம்பிபிஎஸ் வேகத்தில் அது வடிவதற்கே 0.8 செக்கன் ஆகும். பின்னால் வரும் குரல் பொதி (இணையத்தில் தரவு பயணிக்கும் சிறு துண்டு) அவ்வளவு நேரமும் காத்து நிற்க வேண்டும். பெரிய பக்கேஜுக்கு மாறினால் காத்திருப்பு குறையுமே தவிரத் தீராது, ஏனெனில் பெரிய கோப்புகளை அனுப்பும் டிசிபி என்ற நெறிமுறை, கிடைக்கும் அகலத்தை நிரப்பிய பிறகும் வரிசையை வளர்த்துக்கொண்டே போகும் இயல்புடையது. ஆகவே ரவுட்டரில் வரிசையை ஆளும் முறையை மாற்றுவதென்று முடிவு செய்து, ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளை நிறுவி, எஃப்கியூ-கோடெல், கேக் என்ற இரண்டு முறைகளையும் அடுத்தடுத்து ஓட்டினேன்.

கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்ட கோடெல், வரிசையின் நீளத்தை அல்ல, பொதி ஒவ்வொன்றும் காத்திருந்த நேரத்தையே அளக்கிறது. அந்தக் காத்திருப்பு 100 மில்லிசெக்கன் முழுவதும் 5 மில்லிசெக்கனுக்குக் கீழே இறங்காவிட்டால், பொதிகளைக் கைவிட்டு, அனுப்புபவரை நிதானிக்க வைக்கிறது. எஃப்கியூ-கோடெல் அதோடு இணைப்புகளை (கணினிகள் இணையத்தில் நடத்தும் தனித்தனி உரையாடல்களை) 1024 தனி வரிசைகளில் பிரித்து, முறை வைத்து அனுப்புகிறது. கேக், 2018இல் லினக்ஸ் இயங்குதளத்தின் 4.19 கருவோடு சேர்ந்தது. ஜொனதன் மோர்டன், டேவ் டாட் போன்றோரின் உழைப்பு. கோடெலின் கருத்தையே மெருகேற்றி, வேகக் கட்டுப்பாட்டையும் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. தாமதத்தைக் குறைப்பதில் இரண்டுக்கும் இடையே என்னால் வேறுபாடு காண முடியவில்லை: பதிவேற்றம் ஓடும்போதும் பிங் (ஒரு பொதி போய்ப் பதில் வர எடுக்கும் நேரம்) அமைதியாகவே இருந்தது.

என்னைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்பு. எஃப்கியூ-கோடெல் இணைப்புக்கு இணைப்பு பங்கிடுகிறது. ஆளுக்கு ஆள் அல்ல. நான் வேகத்தை 9 எம்பிபிஎஸ்ஸில் கட்டியிருந்தேன். கிளவுட் மென்பொருள் 16 இணைப்புகளைத் திறந்து ஏற்றும்போது, காணொளி அழைப்பு பதினேழாவது இணைப்பு. அதன் நியாயமான பங்கு ஏறத்தாழ 0.53 எம்பிபிஎஸ். குறைவாகப் பேசும் இணைப்புகளுக்கு அம்முறை முன்னுரிமை தருவது உண்மைதான். ஆயினும் தெளிவான காணொளி அந்தப் பங்கைத் தாண்டியதும் அச்சலுகை போய்விடும். இதைச் சரிசெய்ய, ஒவ்வொரு கணினியின் முகவரிக்கும் தனிப் பங்கு ஒதுக்கும் வகுப்பு ஒன்றை ரவுட்டரில் எழுதினேன். முகவரிப் பட்டியலை ரவுட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியும் வைத்தேன். புதிதாக ஒருவர் வேலைக்குச் சேரும்போதும், யாரேனும் மடிக்கணினியை மாற்றும்போதும், வாடிக்கையாளர் ஒருவர் கைத்தொலைபேசியை வைஃபையில் இணைக்கும்போதும் பட்டியலைத் திருத்த வேண்டியிருந்தது. நான் விடுப்பில் இருந்த நாட்களில் அதைத் திருத்த ஆளில்லை.

கேக், முதலில் கணினிகளுக்கிடையே பங்கிட்டு, அதன் பிறகே ஒரு கணினியின் இணைப்புகளுக்கிடையே பங்கிடக்கூடியது. மேலே சொன்ன இருவருக்கும் தேவைப்படும் வேளையில் ஆளுக்கு 4.5 எம்பிபிஎஸ் வரை கிடைக்கும். 16 இணைப்பு திறந்தாலும் 160 திறந்தாலும் கணக்கு அதேதான். இதில் நான் ஒரு தவறு விட்டேன். ரவுட்டரின் வெளிவாசலில் எல்லாக் கணினிகளும் ஒரே பொது முகவரியாகத் தெரியும் என்பதால், 'நாட்' என்ற தெரிவைச் சேர்த்தால்தான் கேக் உள் முகவரிகளைத் தேடிப் பார்க்கும். முதல் வாரம் அதைச் சேர்க்காமல் விட்டு, மாற்றமொன்றும் இல்லையே என்று ஏமாந்தேன். சேர்த்த அன்று பிற்பகல் உறுதிகளும் ஏறின, லண்டன் அழைப்பும் அறுபடாமல் முடிந்தது. சுவரிலிருந்த பட்டியலைக் கழற்றி ஆறு மாதமாகிறது. பக்கேஜ் மாறினால் வேக வரம்புக்கான இரண்டு எண்களை மாற்றுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

எஃப்கியூ-கோடெலை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேக், ரவுட்டரின் செயலியை (புரொசசரை) அதிகம் உழைக்க வைக்கிறது. பழைய, மலிவான ரவுட்டரும் வேகமான இணைப்பும் சேர்ந்த இடத்தில் எஃப்கியூ-கோடெலே பொருந்தும். ஓரிருவர் மட்டும் இருக்கும் வீட்டில் ஆளுக்கு ஆள் பங்கிடும் தேவையும் பெரிதாக எழாது. வைஃபை காற்றலையில் உருவாகும் வரிசையைக் கேக் தொடுவதில்லை. அங்கே பல லினக்ஸ் இயக்கிகளில் ஏற்கெனவே உள்ளடங்கியிருக்கும் எஃப்கியூ-கோடெல்தான் வேலை செய்கிறது. 4ஜி இணைப்பில் நான் கேக்கை ஓட்டியதில்லை. நிலையான வேகம் தரும் பைபரில் அளந்த வேகத்தின் தொண்ணூறு வீதத்தை எழுதிவிட்டு அமைதியாக இருக்கலாம். நேரத்துக்கு நேரம் வேகம் ஏறி இறங்கும் 4ஜியில் அந்த எண்ணையே அடிக்கடி மாற்ற வேண்டிவரும் என்பதால், அங்கே என் பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.